நலச் சங்க ஆண்டறிக்கை 2024–25: குடிநீர்க் கட்டண வாக்கெடுப்பும் அதன் பின்னும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வருகை தந்துள்ள உறுப்பினர்களே, வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடியவுள்ள ஓராண்டுக்கான அறிக்கையை இன்று, ஏப்ரல் 13ஆம் நாள், உங்கள் முன் வைக்கிறேன். சென்ற ஞாயிறன்றே வாசித்திருக்க வேண்டியது. பாம்பன் புதிய ரயில் பாலத் திறப்பைப் பார்க்க ஊரே புறப்பட்டுவிட்டதால் அன்று தலைவரும் நானும் ஒலிபெருக்கிக்காரரும் மட்டுமே இருந்தோம்.

சுதந்திர நாள், குடியரசு நாள் கொடியேற்றங்களும் பொங்கல் விளையாட்டுப் போட்டிகளும் வழக்கம்போல் நடைபெற்றன. கண் மருத்துவ முகாம் ஒன்று நடந்தது. ஊருணிக் கரையில் சீமைக் கருவேலம் வெட்டப்பட்டது, இப்போது முன்னிலும் செழிப்பாகத் தழைத்திருக்கிறது.

இவ்வாண்டின் முதன்மையான பணி குடிநீர்ச் செலவை யார், எவ்வாறு ஏற்பது என்பதற்கான வாக்கெடுப்பாகும். திருச்சிக்கு அருகே காவிரியில் எடுக்கப்பட்டு கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் வந்து சேரும் தண்ணீர், ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டி வரை வருகிறதே ஒழிய, அங்கிருந்து கடலோரத் தெருக்களுக்கு ஏற அழுத்தம் போதுவதில்லை என்பதால்தான் சங்கம் முன்பு தரைத்தொட்டியும் மோட்டாரும் கிளைக்குழாயும் அமைத்தது. உப்புக்காற்றிலும் குறைந்த மின்னழுத்தத்திலும் அந்த மோட்டாருக்கு இவ்வாண்டு மட்டும் மூன்று முறை காயில் கட்ட நேர்ந்தது. மூன்று முறையும் வீடு வீடாகச் சென்று கையேந்தியவன் நான். அந்த நாள்களில் டிராக்டர் தண்ணீரைக் குடம் பத்து ரூபாய்க்கு வாங்கியவர்கள், என்னைக் கண்டதும் சில்லறை இல்லை என்றார்கள்.

அரசு இலவசமாகத் தருவதற்கு நாம் ஏன் பணம் தர வேண்டும் என்று சிலர் கேட்டனர். வீடுதோறும் குழாய்நீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டமே, ஊருக்குள் அமைக்கும் கட்டமைப்புச் செலவில் பொதுவாக 10 விழுக்காட்டை ஊரார் பங்காகக் கேட்கிறது, பராமரிப்பையும் பயனாளிகள் ஏற்க வேண்டும் என்கிறது. மேலும், கடந்த ஜனவரி 5ஆம் தேதியோடு ஊராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்து பொறுப்பு தனி அலுவலரிடம் சென்றிருக்கும் நிலையில், நம் தெருக் குழாய்க்காக உடனே ஓடிவர ஒருவரை எதிர்பார்ப்பதற்கில்லை.

செயற்குழு மூன்று வழிகளை முன்வைத்தது. முதலாவது, வீட்டிணைப்பு ஒன்றுக்கு மாதம் 100 ரூபாய் வீதம் சமக் கட்டணம். இரண்டாவது, ஏலத்தில் விற்கும் மீனில் மகமை, அதாவது விற்ற தொகையில் ஊர்ப் பொதுவுக்கென ஒரு சிறு பங்கு, பிடித்து அதைத் தண்ணீருக்கு ஒதுக்குவது. மூன்றாவது, பொதுக் குழாயில் குடத்துக்கு இவ்வளவு என வசூலிப்பது. குடக்கணக்கில் நியாயம் இல்லாமலில்லை. தனியாக வாழும் ஒரு மூதாட்டி இரண்டு குடம் பிடிக்கிறார், எட்டுப் பேர் உள்ள வீடு தள்ளுவண்டி நிறையக் கொண்டுபோகிறது. ஆனால் காலையும் மாலையும் குழாயடியில் நின்று வசூலிப்பவரின் சம்பளத்துக்கே அந்த வசூல் போய்விடும்.

மகமை நம் முன்னோர் வழி என்பதால் பலருக்கும் பிடித்திருந்தது. அதில் உள்ள சிக்கலை நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்கும்போது ஏலம் சுருங்கும், மகமையும் சுருங்கும். கிணறுகள் கரித்து, ஊருணி வற்றி, மோட்டார் ஓயாமல் ஓட வேண்டிய கோடையும் அந்த 61 நாளில்தான் வருகிறது. தண்ணீர் மிகவும் தேவைப்படும்போது பணம் வராத ஓர் ஏற்பாட்டை எப்படி ஏற்பது? அன்றியும், கடைக்காரரும் ஆசிரியரும் குடிக்கும் தண்ணீருக்குக் கடலுக்குப் போகிறவர் மட்டும் பணம் கட்டுவது முறையுமன்று.

பிப்ரவரி 9 அன்று கூட்டிய கூட்டத்துக்கு 112 உறுப்பினர்களில் 23 பேரே வந்ததால், கூட்டம் நடத்தத் தேவையான மூன்றிலொரு பங்கு இல்லையென ஒத்திவைக்க வேண்டியதாயிற்று. பிப்ரவரி 23 அன்று வந்தவர்களிடையிலும், சந்தா பாக்கி உள்ளோர் வாக்களிக்கலாமா என்ற தகராறில் ஒரு மணி நேரம் கழிந்தது. விதிப்படி அவர்களுக்கு உரிமை இல்லை. விதியை வாசித்ததற்காக என்னை ஒருவர் கலெக்டர் என்று அழைத்தார். பெட்டி கிடைக்காததால் புது பிளாஸ்டிக் குடத்தில் சீட்டுகளைப் போடச் செய்தோம். உத்திரமேரூர்க் குடவோலை என்று இளைஞர்கள் கேலி செய்தனர். அங்கே குடத்திலிருந்து எடுத்தது குலுக்கல் சீட்டு, இங்கே எண்ணியது வாக்கு என்பதை அவர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

பதிவான 61 வாக்குகளில் சமக் கட்டணத்துக்கு 31, மகமைக்கு 22, குடக்கணக்குக்கு 7 விழுந்தன. ‘தண்ணீர் வந்தால் சரி’ என்று எழுதியிருந்த ஒரு சீட்டு செல்லாததாயிற்று.

மார்ச் மாதத்துக்கு இதுவரை கட்டணம் செலுத்தியவர்கள் 27 வீட்டார். வாக்கு இரகசியமானது, ஆதரவாக விழுந்தவை 31 என்பதால் மீதியை உறுப்பினர்களே கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். இதில் ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. மகமைக்காகக் கூட்டத்தில் என்னோடு உரக்க வாதாடிய விசைப்படகு உரிமையாளர்தான் மார்ச் முதல் தேதி காலையில் முதல் ரசீதைப் பெற்றுச் சென்றார். வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில், பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குக் கட்டணம் எதற்கு என்று கேட்டவர்கள், விடுமுறையில் வந்து குழாயைத் திறக்கும்போது தண்ணீர் வராவிட்டால் யாரைக் கேட்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பொதுவாகச் சொன்னால் வரவும் செலவும் ஏறத்தாழ ஈடாக உள்ளன, அவ்வாறு ஈடானதில் என் கைமாற்றுத் தொகையும் அடங்கும். 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி தணிக்கையான கணக்கு பதிவாளர் அலுவலகத்தில் உரிய காலத்தில் தாக்கல் செய்யப்படும்.

தலைவர், பொருளாளர், இடம் தந்து உதவிய பள்ளி நிர்வாகம், நள்ளிரவிலும் வந்து மோட்டாரைக் கழற்றிய மெக்கானிக் ஆகியோருக்கு நன்றி.

வரும் ஆண்டில் மாற்று மோட்டார் ஒன்றை வாங்கிக் கையிருப்பில் வைக்கச் செயற்குழு எண்ணியுள்ளது. முன்பணம் தருமாறு கடைக்காரர் கேட்கிறார். செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியுடன் ஒப்படைப்பேன், ஆயினும் பாக்கிப் பட்டியலையும் அவரிடம் சேர்த்தே ஒப்படைக்க வேண்டியிருக்கும். நாளை மறுநாள் தடைக்காலம் தொடங்குகிறது. ரசீதுப் புத்தகம் இன்று கூட்டம் முடியும் வரை வாசல் மேசையில் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்