இசைக்கவையும் என் கால் பெருவிரலும்

மயிலாடுதுறை
கார்த்திகை 3

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் தள்ளிப்போனதற்குச் சோம்பல் பாதி காரணம். மீதி, நீ எழுதியிருந்த ஒரு வரி: "எல்லா டெஸ்டும் நார்மல், ஆனாலும் வசந்தாவால் மாடிப்படி ஏற முடியவில்லை." இதே வாக்கியத்தை ஒன்றரை வருடமாக நானும் மனசுக்குள் சுமந்துகொண்டு திரிந்தேன். உன்னிடம்கூடச் சொல்லவில்லை. ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லாத நோயைச் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

சென்ற வருடம் சித்திரையில் ஒரு நாள் மயூரநாதர் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பட்டமங்கலத் தெரு முனையில் பூக்கார அம்மாள், "ஐயா, ஒற்றைச் செருப்போடு போகிறீர்களே" என்றார். குனிந்து பார்த்தால் இடது கால் வெறுங்கால். செருப்பு ஐம்பது அடி பின்னால் கிடக்கிறது. நழுவியதே எனக்குத் தெரியவில்லை. கால் மதமதவென்று இருந்தது அதற்கும் முந்தியே ஆரம்பித்துவிட்டது. பஞ்சு மேல் நடப்பதுபோல. அதைவிடப் பயமுறுத்தியது குளியலறைதான். முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினேன் என்றால் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் முகம் கழுவுவது என்று ஆகிவிட்டது.

மகன் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் முழு உடல் பரிசோதனை செய்ய வைத்தான். பன்னிரண்டு பக்க ரிப்போர்ட். ஹீமோகுளோபின் 13.4, தைராய்டு சரி, சிறுநீரகம் சரி, மூன்று மாதச் சர்க்கரை 6.8. பி12 வைட்டமின்கூட இருந்தது: 232. அவர்கள் அச்சிட்டிருந்த எல்லை 211 முதல் 911 வரை. ஆகவே அதுவும் நார்மல். அங்கிருந்த டாக்டர், "ரிடையர் ஆனவர்களுக்கு இப்படி வரும் சார், மனசை எதிலாவது ஈடுபடுத்துங்கள்" என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். முப்பத்திரண்டு வருடம் பௌதிகம் நடத்தியவனுக்குப் பொழுது போகாமல் கால் மரத்துவிட்டதாம்!

கடைசியில் மைத்துனர் வற்புறுத்தி, அரசு மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் அழைத்துப்போனார். மனிதர் என் ஃபைலைத் தொடவே இல்லை. செருப்பைக் கழற்றச் சொன்னார். மேசை இழுப்பறையிலிருந்து என்ன எடுத்தார் தெரியுமா? இசைக்கவை! நம் ஆய்வகத்தில் ஒத்ததிர்வுத் தம்பத்துக்கு மேலே 256, 320, 512 என்று வரிசையாகப் பிடித்துக் காட்டுவேனே, அதேதான். இது வினாடிக்கு 128 அதிர்வு, கொஞ்சம் நீளமானது. தட்டி அதன் அடிக்கட்டையை என் கால் பெருவிரல் எலும்பில் வைத்தார். "அதிர்வு எப்போது நிற்கிறது, சொல்லுங்கள்" என்றார். எனக்கு அது ஆரம்பிக்கவே இல்லை. குளிர்ந்த இரும்பு ஒன்று விரல்மேல் இருக்கிறது, அவ்வளவுதான். கணுக்காலில் இல்லை. முழங்காலுக்கு வந்ததும்தான் விர்ரென்று ஏறியது. கண்ணை மூடச் சொல்லிப் பெருவிரலை மேலும் கீழுமாக அசைத்து எந்தப் பக்கம் என்று கேட்டார். ஐந்தில் மூன்று தப்பு. சண்முகம், எத்தனை பையன்களுக்கு இசைக்கவையைக் காதில் வைத்துக் காட்டியிருப்பேன். அன்றைக்கு அந்த மேசைமேல் உட்கார்ந்தபடி எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகுதான் கேள்விகள். சர்க்கரைக்கு என்ன மாத்திரை? மெட்பார்மின், பதினோரு வருடமாக. வயிற்றெரிச்சலுக்கு? பான்டோப்ரசோல், தினமும் காலையில். சாப்பாடு சைவமா? பிறந்ததிலிருந்து. "மூன்று கதவையும் சாத்திவிட்டுப் பி12 எப்படி உள்ளே வரும்?" என்றார். சைவச் சாப்பாட்டில் பால், தயிர் தவிர அந்தச் சத்துக்கு வேறு வழி கிடையாது. உணவிலிருந்து அதைப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும், அதை ஒரு மாத்திரை அடக்குகிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அது உறிஞ்சப்படுவதை இன்னொரு மாத்திரை தடுக்கிறது. கல்லீரலில் சில வருடத்துக்கான கையிருப்பு இருப்பதால் உடனே ஒன்றும் தெரியாது.

அப்படியானால் 232? இரத்தத்தில் மிதக்கும் பி12இல் பெரும்பகுதி, செல்களுக்குள் போக முடியாத ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். கால் பங்கு அளவுதான் உபயோகத்துக்கு வரும். சாதாரணச் சோதனை இரண்டையும் சேர்த்து எண்ணிவிடுகிறது. அதனால் 200க்கும் 300க்கும் நடுவே எண் நின்றால், உடம்பு அதைக் கொண்டு வேலை செய்கிறதா என்று வேறு விதமாகக் கேட்க வேண்டும். பி12 இல்லாவிட்டால் செரிக்காமல் தேங்குகிற பொருள்கள் இரண்டு: ஹோமோசிஸ்டீன், மெத்தில்மலோனிக் அமிலம். இரண்டையும் அளக்கச் சொன்னார். ஹோமோசிஸ்டீனுக்கு எடுத்த இரத்தத்தை உடனே பனிக்கட்டியில் வைத்தார்கள்; சும்மா வைத்தால் சிவப்பணுக்களிலிருந்து கசிந்து எண் பொய்யாக ஏறிவிடுமாம். மற்றதை வெளியூருக்கு அனுப்பினார்கள், ஒன்பது நாள் ஆயிற்று. 15க்குள் இருக்க வேண்டிய ஹோமோசிஸ்டீன் எனக்கு 38. மற்றதும் எகிறிக் கிடந்தது.

இரத்தசோகை இல்லாமல் இது வருமா என்று கேட்டேன். 1988இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொன்னார். பி12 குறைவால் நரம்பும் மனமும் பாதிக்கப்பட்ட 141 பேரில் 40 பேருக்கு இரத்தசோகையும் இல்லை, சிவப்பணுக்கள் அளவில் பெரிதாகவும் இல்லை. என் விஷயத்தில் நானே ஒரு திரையும் போட்டிருந்தேன். மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தினமும் ஒரு சத்து மாத்திரை போட்டுவந்தேன், அதில் ஃபோலிக் அமிலம். அது இரத்தத்தை ஒழுங்காக்கிவிடும். நரம்பு பாட்டுக்கு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். 1940களிலேயே மருத்துவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயமாம்.

ஃபோலிக் அமிலம் என்றதும் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிளஸ் ஒன் பையன்களைக் கூட்டிக்கொண்டு குன்னூர் போனோமே, சிம்ஸ் பூங்காவுக்கு அருகில் பாஸ்டர் நிலையத்தைக் காட்டி, "நாய்க்கடி ஊசி தயாரிக்கிற இடம்" என்று நீ சொல்ல, ஒருவன் நாய்போலக் குரைத்து உன்னிடம் அறை வாங்கினான். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1929இல் அங்கே வேலை செய்திருக்கிறார். பம்பாயில் கர்ப்பிணிகளுக்கு வந்த கடும் இரத்தசோகைக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தவர், கடைசியில் மார்மைட் என்கிற ஈஸ்ட் சாற்றைக் கொடுத்துக் குணப்படுத்தினார். அந்தச் சாற்றில் இருந்த பொருள்தான் பிற்பாடு ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. தெரிந்திருந்தால் அன்றைக்கே பையன்களுக்குச் சொல்லியிருப்பேன். நீயும் அறைந்திருக்க மாட்டாய்.

சரி, வசந்தாவுக்கு வருவோம். நான் டாக்டர் இல்லை. ஆனால் உன் கடிதத்தை இரண்டு தடவை படித்ததில் சில விஷயங்கள் உறுத்துகின்றன. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறாள் என்று எழுதியிருக்கிறாய். அதை நிறுத்தாமலா தைராய்டு பார்த்தீர்கள்? பல ஆய்வகங்களின் சோதனை முறையே பயோட்டினைக் கொண்டு இயங்குவது. மாத்திரையிலிருந்து அது இரத்தத்தில் நிறைய இருந்தால், தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோனை உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே இதைப்பற்றி எச்சரிக்கை விட்டது. டாக்டரிடம் சொல்லி, இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு மறுபடி பார்க்கச் சொல்.

இரவில் காலை ஆட்டாமல் படுக்க முடியவில்லை என்பது அடுத்தது. ஹீமோகுளோபின் 12.3 என்று திருப்திப்பட்டுவிட்டீர்கள். அது கையில் புழங்கும் காசு. வங்கி இருப்பைப் பார்க்க, இரும்பைச் சேமித்துவைக்கும் புரதமான ஃபெரிட்டின் வேண்டும். அது 30க்குக் கீழே என்றால் இரும்புக் கையிருப்பு தீர்ந்துவிட்டதாகவே பல மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இந்தக் கால் தவிப்புக்கு 75 வரை இருந்தாலும் இரும்பு கொடுத்துப் பார்ப்பதுண்டாம். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறும், அதையும் கேட்டுக்கொள். மாதவிலக்கு நின்றுபோன வயதில் இரும்பு குறைந்திருந்தால், குடலில் எங்கே கசிகிறது என்று பார்க்காமல் விடாதே. எல்லாவற்றுக்கும் முன்னால், மாடிப்படியில் மூச்சு வாங்குகிறது என்றால் இதயத்தைப் பார்க்கச் சொல், நாள் கடத்தாதே. படுத்தபடி எடுத்த இ.சி.ஜி. சரியாக இருப்பது போதாது. பெண்களுக்கு மார்வலியே இல்லாமல் வெறும் இரைப்பாகவும் வருமாம்.

உன் மருமகன் சொல்கிற உணவு ஒவ்வாமை பேக்கேஜ் வேண்டவே வேண்டாம். இருநூறு உணவுக்கு ஐ.ஜி.ஜி. என்கிற எதிர்ப்புரதம் பார்க்கிறார்களாம். நாம் எதைச் சாப்பிட்டிருக்கிறோம் என்பதைத்தான் அது காட்டும். துவரம்பருப்பும் தயிரும் ஆகாது என்று ரிப்போர்ட் வந்தால் அவள் எதைத்தான் சாப்பிடுவாள்? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நார்மல் என்கிற எல்லையே ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அடங்கும்படி வரைந்ததுதான். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது சோதனை செய்தால், நோயே இல்லாதவருக்கும் ஏதாவது ஒன்று எல்லை தாண்ட 64 சதவீத வாய்ப்பு. பிறகு அந்த ஒன்றைத் துரத்திக்கொண்டு இன்னும் பத்துச் சோதனை. எனக்குப் பலித்தவை இரண்டே இரண்டு. அந்த இரண்டையும் எழுதச் செய்தது இசைக்கவை.

ஊசி போட்டுக்கொள்கிறேன். முதலில் ஒன்றுவிட்டு ஒரு நாள், பிறகு வாரம் ஒன்று, இப்போது மாதம் ஒன்று. மருந்து அசல் ரோஜாப்பூ சர்பத் நிறம். மெட்பார்மினை நிறுத்தவில்லை, வயிற்று மாத்திரையை மட்டும் விட்டாயிற்று. குளியலறையில் சுவரைப் பிடிப்பதில்லை. கால் முழுதும் திரும்பவில்லை. தாமதமாக வந்திருக்கிறீர்கள், கொஞ்சம் நிற்கத்தான் செய்யும் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். பள்ளியில் கழித்துக் கட்டிய பழைய 256 இசைக்கவை ஒன்று வீட்டில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பேத்தி அதைத் தட்டி என் காலில் வைத்து, காலண்டரில் குறித்துவைக்கிறாள். 128 வேண்டும் என்று டாக்டர் சிரிக்கிறார். அவளுக்கு இதுதான் பிடித்திருக்கிறது. போன வாரம் வலது கணுக்காலில் லேசாகக் கேட்டது. இடதில் இன்னும் இல்லை.

ஃபெரிட்டின் முடிவு வந்ததும் எழுது. நார்மல் என்று எழுதாதே, எண்ணையும் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எல்லையையும் அப்படியே எழுது. தை மாதம் கோவில்பட்டி வரலாம் என்றிருக்கிறேன். மாடியில் படுக்கை போடாதே, கீழேயே படுத்துக்கொள்கிறேன்.

உன்
ராமநாதன்