சேகருக்கு, ஊசி விஷயமாக

அன்புள்ள சேகர்,

உன் கடிதத்துக்குப் பதில் தாமதமானதற்குக் கல்யாண வேலை பாதிக் காரணம். மீதி என்னவென்று உனக்கே தெரியும். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நீ வராததைப் பற்றி வாத்தியார் பந்தியில் உட்கார்ந்து சொன்னதை எழுத்தில் கொண்டுவர முடியாது, நேரில் சொல்கிறேன்.

சரி. உன் ரெக்கார்ட் பிளேயருக்கு நாற்பதாயிரத்துக்கு மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ், அதுதான் ஊசியின் அதிர்வை மின்சாரமாக்குகிற அந்தச் சின்னச் சாதனம், வாங்கப்போவதாக எழுதியிருக்கிறாயே, அதற்காகத்தான் இன்று ராத்திரியே உட்கார்ந்துவிட்டேன். பணத்தைக் கட்டிவிடாதே. நீ சொல்லும் டெனான் டிஎல்-103 மட்டமான சரக்கு என்று சொல்லவில்லை. 1960-களில் ஜப்பான் வானொலிக்காகச் செய்தது, இன்றும் அதே பெயரில் விற்கிறது என்றால் சும்மாவா? ஆனால் அது தருவது வெறும் 0.3 மில்லிவோல்ட். உன் ஆம்ப்ளிஃபயரில் பிளேயரைச் செருகும் போனோ பக்கம் நாலைந்து மில்லிவோல்ட் எதிர்பார்க்கிறது. நடுவில் அதைப் பெருக்க இன்னொரு பெட்டி வாங்க வேண்டும். கார்ட்ரிட்ஜைத் தாங்க கனமான ஆர்ம் வேறு வேண்டும், உன்னுடையது ஈர்க்குச்சி. எல்லாம் வாங்கி முடித்த பிறகு ஊசி தேய்ந்தால் நீயே கழற்றி வேறு மாட்டவும் முடியாது. இந்த யோசனையைக் கொடுத்தது சோடாபுட்டிதானே? அவன் பேச்சைக் கேட்டு நீ ஸ்கூட்டர் வாங்கியது போதாதா?

நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன், கேள். என்னிடம் இருப்பது ஆடியோ-டெக்னிகா விஎம்95 கார்ட்ரிட்ஜ். உடம்பு ஒன்றுதான், ஊசியை மட்டும் விதவிதமாக மாற்றிக்கொள்ளலாம், ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். இதுவரை நீள்வட்ட முனை போட்டிருந்தேன். போன மாதம் மைக்ரோலீனியர் என்கிற இன்னும் மெல்லிய முனைக்கு மாறினேன். டேய், நீ வந்து கேட்கவேண்டும்.

கச்சேரி எல்பி தட்டுகளில் பக்கம் முடியப்போகும்போது குரல் கரகரக்கும், 'ஸ' வருகிற இடமெல்லாம் பிசிறும், ஞாபகம் இருக்கிறதா? தில்லானா, மங்களம் எல்லாம் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். தட்டு தேய்ந்துபோச்சு என்று ஓரம் கட்டிவிடுவோம். தட்டு சுற்றும் வேகம் மாறுவதில்லை. ஆனால் வெளி ஓரத்தில் ஊசிக்கடியில் விநாடிக்கு 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது, லேபிளுக்குப் பக்கத்தில் வெறும் 21தான். அவ்வளவு சங்கீதத்தையும் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கித் திணித்திருக்கிறார்கள். தடித்த முனை அந்த நெளிவுகளுக்குள் நுழையாமல் மேலாகத் தடவிக்கொண்டு போய்விடும். இந்த முனை மெல்லியது, உள்ளே போகிறது. அப்புறம் இன்னொன்று. அந்தக் காலத்து சூட்கேஸ் பிளேயரின் கனத்த ஊசி பள்ளச் சுவரில் தேய்த்த இடம் ஒன்று, இது தொடும் இடம் கொஞ்சம் வேறு. அதனால் செத்துவிட்டது என்று நினைத்த தட்டுகளில் சில பிழைத்துவிட்டன. எல்லாம் இல்லை. மூர் மார்க்கெட்டில் நீ பேரம் பேசி வாங்கிக்கொடுத்த நாகஸ்வரத் தட்டு இன்னும் அலறத்தான் செய்கிறது.

இந்த வயதில் நம் காதுக்கு இவ்வளவு தேவையா என்று கேட்பாய். நானும் யோசித்தேன். டாக்டர் டெஸ்ட் எடுத்துப் பார்த்ததில் வலது காதில் உச்ச ஓசைகள் குறைந்துகொண்டே வருகின்றன என்றார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை, நீயும் உளறிவைக்காதே. ஆனால் அந்தப் பிசிறு உச்சத்தில் மட்டும் இல்லை, குரலோடேயே ஒட்டிக்கொண்டு வருகிறது. அது எனக்கு நன்றாகவே கேட்டது, இப்போது இல்லை.

கவலையெல்லாம் இப்போது உன்னிடம் இருக்கும் ஷ்யூர் கார்ட்ரிட்ஜைப் பற்றித்தான். அந்த ஊசி உன் பையன் ஸ்கூலில் படித்தபோது வாங்கியது. இப்போது அவன் பையன் ஸ்கூலுக்குப் போகிறான். வைரம் தேயாது என்று சாதிக்காதே. நீள்வட்ட முனைக்கு 300 மணி நேரம், மைக்ரோலீனியருக்கு 1,000 என்று ஆடியோ-டெக்னிகாவே கணக்குச் சொல்கிறது. தினம் ரெண்டு எல்பி போடுகிற ஆளுக்கு 300 மணி நேரம் எட்டு மாதத்துக்குக் காணாது. தேய்ந்த முனையில் கூரான விளிம்பு விழும், அது பள்ளத்தைச் செதுக்கிக்கொண்டே போகும். அப்பா சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்த தட்டுகள்டா அவை. எங்கே போய்த் திரும்ப வாங்குவாய்? ஷ்யூரோ 2018-ல் கார்ட்ரிட்ஜ் செய்வதையே நிறுத்திவிட்டது. பழைய ஒரிஜினல் ஸ்டாக் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதே, போலி நிறைய உலவுகிறது. ஜப்பானில் ஜிகோ என்பவர்கள் அதற்குப் பொருந்தும் ஊசி செய்கிறார்கள். அதை வாங்கு, இல்லை என்னைப்போல் மாறிவிடு. எதுவானாலும் அதுவரை போடாதே.

தட்டுக்குச் செல்லம் கொடுப்பதாக நினைத்து ஊசி தட்டை அழுத்தும் எடையைக் குறைத்துவைக்கும் பழக்கத்தையும் விடு. எடை போதாவிட்டால் ஊசி சுவரில் ஒட்டாமல் துள்ளித் துள்ளி அடிக்கும், கெடுதல் அதில்தான் அதிகம். என்னுடையதற்கு 2 கிராம் என்று போட்டிருக்கிறார்கள், சின்ன டிஜிட்டல் தராசில் வைத்துப் பார்த்து 2 கிராமே வைக்கிறேன். டீக்கடை நாயர் ஆர்ம் நுனியில், ஹெட்ஷெல் மேல் நாலணா வைத்து ஓட்டினாரே, அந்தப் பக்கமும் போகாதே. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் பிரஷ்ஷால் பின்னாலிருந்து முன்னால் மட்டும் ஒரு இழுப்பு. பக்கவாட்டில் இழுத்தால் ஊசித் தண்டு போயிற்று. விரலால் தூசி தட்டுவதை நீ விடவே மாட்டாய், உன் வீட்டம்மாவிடம் சொல்லிவைக்கிறேன்.

முக்கியமானதை மறந்துவிடுவேன் போலிருக்கிறது. மாமாவின் ட்ரங்குப் பெட்டியில் இருக்கும் ராஜரத்தினம் பிள்ளையின் பழைய 78 வேகத் தட்டை எல்பி ஊசியில் போட்டுவிடாதே. அந்தப் பள்ளம் அகலம், எல்பி ஊசி அடியில் கிடக்கிற அழுக்கில்தான் உருளும். 78-க்கென்று தடித்த முனை ஒன்று இதே விஎம்95-ல் மாட்ட வருகிறது, எடை 5 கிராம். வாங்கி வைத்திருக்கிறேன். அந்தத் தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவும் கூடாது, அது அரக்கில் செய்தது, கரைந்துவிடும். தை பிறந்ததும் ஊசியோடு நானே வருகிறேன். ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்பு, ஸ்கூட்டர் வேண்டாம்.

உன்
பாலு