ஊறப்போடுவது வேறு, குடிப்பது வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த செவ்வாய்க்கிழமை தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில், ஆங்கிலச் சொற்களுக்குப் பொருள் தரும் கட்டத்தில், ‘சோக் அப்’ (soak up) என்பதற்கு ‘ஊற வைத்தல்’ என்று பொருள் போட்டு, ‘ஐ சோக்ட் அப் தி ரைஸ் ஃபார் இட்லி’ என்று எடுத்துக்காட்டும் கொடுத்திருக்கிறீர்கள். இட்லிக்கு அரிசியை ஊறப்போடுவது வெறும் ‘சோக்’. ஊறப்போடுவது நாம், தண்ணீரைக் குடிப்பது அரிசி. அரிசி செய்கிற அந்த வேலைதான் ‘சோக் அப்’. தங்கள் வாக்கியத்துக்கு நேர்ப்பொருள், அரிசியை நான் உறிஞ்சிவிட்டேன் என்பது. தங்களுக்கு இது தெரியாததல்ல. அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை பார்த்திருக்கலாமே என்பதுதான் என் வருத்தம்.

31 ஆண்டுகள் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவன் நான். இந்தச் சொல் பாடத்தில் வந்தால் வாயால் விளக்க மாட்டேன். மைப்புட்டி மூடியில் கொஞ்சம் நீல மை ஊற்றி, ஒரு முழு சாக்பீஸை அதில் நிறுத்தி வைப்பேன். அடியில் பிடித்த நீலம் மெல்ல மெல்ல மேலே ஏறும். கடைசி பெஞ்சுப் பையன்கள்கூட எழுந்து வந்து பார்ப்பார்கள். மூடியில் மை வற்றியதும் ‘தி சாக் ஹேஸ் சோக்ட் அப் தி இங்க்’ என்று பலகையில் எழுதுவேன். “கத்திரிக்கா எண்ணெயக் குடிக்குதுன்னு எங்கம்மா சொல்லுமே, அது மாதிரியா சார்?” என்று ஒரு மாணவி கேட்டாள். அதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

அதே கட்டத்தில் ‘சோக் அப் தி சன்’ என்பதைச் ‘சூரியனில் ஊறுதல்’ என்று போட்டிருக்கிறீர்கள். குளிர்நாட்டுக்காரர்கள் வெயிலைக் கண்டதும் வெளியே வந்து உட்கார்ந்து அனுபவிப்பார்களே, அது. வெயில் காய்வது என்று நமக்கே சொல் இருக்கிறது. திருவிழாக் கலகலப்பை மனசு நிறைய வாங்கிக்கொள்வதற்கும், வீட்டுச் செலவு சம்பளத்தை விழுங்குவதற்கும்கூட ஆங்கிலத்தில் இதே சொல்தான். ‘இட்’ வந்தால் அது நடுவில்தான் நிற்க வேண்டும், ‘சோக் இட் அப்’ என்று. ‘சோக் அப் இட்’ பிழை. பிள்ளைகள் தடுமாறுகிற இடமே இதுதான். அதற்கு ஒரு வரி இல்லை.

சென்ற ஆண்டு ‘டேக் இன்’ என்பதற்கு ‘உள்ளே எடுத்தல்’ என்று மட்டும் வந்தபோதும் எழுதினேன். புரிந்துகொள்வது, ஏமாற்றுவது, வீட்டில் இடம் கொடுப்பது, தொளதொளவென்ற சட்டையைப் பிடித்துத் தைப்பது எல்லாம் அதற்குள் உண்டு என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். ‘மாணவர் பக்கம் பிள்ளைகளுக்கு வரப்பிரசாதம்’ என்ற முதல் வரியை மட்டும் என் பெயரோடு வெளியிட்டீர்கள். திருத்தம் வரவில்லை. முழுப் பக்கமாக இருந்தது இப்போது பாதிக்கு விளம்பரமாகிவிட்டது. அதற்கும் எழுதினேன், பதில் இல்லை.

பக்கத்து வீட்டுப் பெண் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். இந்தக் கட்டத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்திருந்தாள். தப்பும்மா என்றேன். “பேப்பர்லயே போட்டிருக்காங்களே சார்” என்றாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். அச்சில் வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களே என்னைப் போன்ற ஆசிரியர்கள்தான்.

வருகிற செவ்வாய்க்கிழமை அதே பக்கத்தில், அதே அளவுக் கட்டத்தில் திருத்தத்தை வெளியிடுங்கள். பழையதன் மேல் அவள் ஒட்டிக்கொள்ள அளவு சரியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
மணப்பாறை.