எண்ணப்படாத வாக்குகள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ கோலாலம்பூரிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய நாற்பது விநாடி வீடியோவைப் பார்த்தேன். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், நம் ஊரில் சொல்கிற ‘ஒய்பி’, மேசையைத் தட்டிப் பேசுகிறார். கீழே யாரோ, இவர்தான் நம் சமூகத்தின் குரல் என்று எழுதியிருக்கிறார்கள். பேசியவர் அப்படித்தான் வாக்கும் போட்டாரா, அதை எங்கே பார்ப்பது என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி காற்றில் போய்விடும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஏமாற்றமான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நம் மலேசிய மக்களவையில் பெரும்பாலான மசோதாக்களுக்கு, யார் எப்படி வாக்களித்தார் என்ற பதிவே இருக்காது. சபாநாயகர் கேட்பார், ஒரு பக்கம் ஆமாம் என்று சத்தம் போடும், இன்னொரு பக்கம் இல்லை என்று சத்தம் போடும், எது ஓங்கி ஒலித்ததோ அது வென்றது. சபைப் பேச்சுகளின் அதிகாரப்பூர்வப் பதிவான ஹன்சார்டில் ‘டிசெதுஜுகான்’ என்று ஒரு சொல் மட்டும் நிற்கும். ஏற்கப்பட்டது என்று பொருள். 222 பேரில் யார் வாய் திறந்தார், யார் கேண்டீனில் தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தார் என்று அதிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. கட்டாய மரண தண்டனையை நீக்கும் மசோதா 2023 ஏப்ரல் 3-ஆம் தேதி இப்படிக் குரல் வாக்கில்தான் நிறைவேறியது. அவ்வளவு பெரிய விஷயத்துக்கு ‘ஆதரித்து வாக்களித்தேன்’ என்று ஒருவர் சொன்னாலும், ‘எதிர்த்தேன்’ என்று சொன்னாலும், வாக்குப் பதிவை வைத்து நீ சரிபார்க்க வழியில்லை. விவாதத்தில் பேசியிருந்தால் அந்தப் பேச்சு மட்டும்தான் சாட்சி.

தலைகளை எண்ண வேண்டுமானால் குறைந்தது 15 உறுப்பினர்கள் எழுந்து நிற்க வேண்டும். அப்போதுதான் மணி அடித்து, வெளியே இருப்பவர்களை உள்ளே வரவழைத்து, பகுதி பகுதியாக எண்ணுவார்கள். மலாயில் இதற்கு ‘பெலா பஹாகியான்’ என்று பெயர். இந்த 15 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள், பல கதைகள் இதில்தான் திரும்புகின்றன.

2021 பட்ஜெட்டை எடுத்துக்கொள். 2020 நவம்பர் 26-ஆம் தேதி கொள்கை நிலை வாக்கெடுப்பு வந்தது. எதிர்க்கட்சிகள் வாரக்கணக்காக எதிர்ப்போம், கவிழ்ப்போம் என்று பேட்டி கொடுத்திருந்தன. அன்று எழுந்து நின்றவர்கள் 13 பேர். இரண்டு பேர் குறைந்ததால் எண்ணிக்கையே நடக்கவில்லை, குரல் வாக்கில் தாண்டிவிட்டது. பட்ஜெட் அங்கே முடிவதில்லை. கொள்கை நிலைக்குப் பிறகு அமைச்சு வாரியாகக் குழு நிலை, அதன்பின் மூன்றாம் வாசிப்பு, அதாவது கடைசி வாக்கு. டிசம்பர் 15-ஆம் தேதி மூன்றாம் வாசிப்பில் எண்ணினார்கள்: ஆதரவு 111, எதிர்ப்பு 108, வராதவர் ஒருவர். ஆகவே ‘அந்த பட்ஜெட்டை எதிர்த்தேன்’ என்று யாராவது சொன்னால், எந்தத் தேதியில் என்று கேள். நவம்பர் 26 என்றால் அந்த 13 பேரில் ஒருவரா என்று பார். டிசம்பர் 15 என்றால் 108-இல் ஒருவரா என்று பார். இரண்டும் வேறு வேறு துணிச்சல். நவம்பரில் உட்கார்ந்திருந்தவர்களை உடனே கோழை என்று எழுதிவிடவும் வேண்டாம். குழு நிலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கட்சித் தலைமை சொல்லியிருந்தது. அது சரியான கணக்கா என்பது வேறு கேள்வி; எனக்கென்னவோ அது தப்புக் கணக்கு.

அரசியல் சட்டத் திருத்தம் என்றால் நிலைமை மாறும். 159-ஆவது விதிப்படி மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதாவது 148. வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு இல்லை, மொத்த எண்ணிக்கையில். அதனால் எண்ணியே ஆக வேண்டும். இங்கே கவனி: 148 தேவைப்படும் நாளில் வராமல் இருப்பதும், வந்து நடுநிலை வகிப்பதும், எதிர்த்து வாக்களிப்பதும் கணக்கில் ஒன்றுதான். சாதாரண மசோதாவில் அப்படியில்லை. அங்கே வராதவர் கணக்கிலேயே இல்லை. 2015 ஏப்ரலில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் விடியற்காலை இரண்டு மணிக்குமேல் 79-க்கு 60 என்று நிறைவேறியது. கூட்டிப் பார், 139. மிச்சம் எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இரண்டு பக்கத்திலும் இல்லை. விசாரணையில்லாமல் தடுத்து வைப்பதைக் கண்டித்து ஆவேசமாக அறிக்கை விட்டவர்களில் அந்த அறுபதில் யார் யார் இருந்தார்கள் என்று தேடினால் உனக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும். தேடத் தகுந்த மாலைதான்.

போர்னியோ மாநிலங்களான சபா, சரவாக் இரண்டின் அந்தஸ்து தொடர்பான அரசியல் சட்டத் திருத்தம் இன்னும் நல்ல பாடம். 2019 ஏப்ரல் 9-ஆம் தேதி 138 பேர் ஆதரித்தார்கள், 59 பேர் நடுநிலை. பத்து வாக்கில் தோற்றது. 2021 டிசம்பர் 14-ஆம் தேதி அதே நோக்கத்தோடு வந்த திருத்தத்துக்கு 199 பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. முதல் தடவை நடுநிலை வகித்து, இரண்டாம் தடவை கை கொடுத்தவரை ‘பல்டி அடித்தார்’ என்று எழுதினால் பாதி உண்மைதான் எழுதியிருப்பாய். 2021-இல் வந்த வாசகத்தில் ‘கூட்டரசு’ என்பதன் விளக்கத்திலேயே, அந்த மாநிலங்கள் சேர்ந்து மலேசியா உருவான 1963 மலேசிய ஒப்பந்தம் சேர்க்கப்பட்டது. முந்தையதில் அது இல்லை, அதையே பலர் குறையாகச் சொன்னார்கள். மசோதாவின் பெயரை வைத்து ஒப்பிடாதே. இரண்டு வாசகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் படி.

நம் ஆட்களுக்கு நெருக்கமான குடியுரிமைத் திருத்தத்தில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். 2024 அக்டோபர் 17-ஆம் தேதி 206 பேர் ஆதரவு, எதிர்த்தவர் ஒரே ஒருவர், அதுவும் அரசாங்கப் பக்கத்திலிருந்து. அந்த மசோதாவில் மலேசியத் தாய்மாருக்கு வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைகளுக்குச் சட்டப்படி குடியுரிமை கிடைக்கும் பிரிவு இருந்தது. அதே மசோதாவில், நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்குத் தானாகக் கிடைத்துவந்த உரிமையை எடுக்கும் பிரிவும் இருந்தது. நிரந்தரவாசிகளின் சிவப்பு அடையாள அட்டையை (ஐசி) வைத்திருக்கும் குடும்பங்களை நமக்குத் தெரியாதா? இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொண்டுவந்தால் ஒரு ஆமாம் போட்டவர் எதற்குப் போட்டார்? தாய்மாருக்காக என்று ஃபேஸ்புக்கில் படம் போடுவார். மற்றதைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்பது விவாதத்தில் அவர் பேசிய பக்கத்தில்தான் தெரியும். பேசவே இல்லையென்றால் அதையும் குறித்துக்கொள். கண்டெடுக்கப்படும் குழந்தைகளைப் பற்றிய பிரிவு 2024 மார்ச்சிலேயே கைவிடப்பட்டது. வெளியிலிருந்து வந்த எதிர்ப்புதான் முக்கியக் காரணம். அப்படிப்பட்ட மாற்றங்கள் எந்த வாக்குப் பட்டியலிலும் வராது.

இனி ஹன்சார்டைத் திறக்கும் முறை. நாடாளுமன்ற இணையத்தளத்தில் தேதி வாரியாக இருக்கிறது, எல்லாம் மலாயில். முதலில் வெளிவருவது சரிபார்க்கப்படாத படி, மேலேயே அப்படி அச்சடித்திருப்பார்கள். அதிலிருந்து மேற்கோள் எடுத்தால் பின்னால் ஒருமுறை திருத்திய படியோடு ஒத்துப் பார். ஆளைப் பெயரால் தேடாதே, தொகுதியால் தேடு. சபையில் ஒருவரையொருவர் தொகுதிப் பெயரால்தான் கூப்பிடுவார்கள், பேச்சின் தலைப்பிலும் தொகுதி சதுர அடைப்புக்குறிக்குள் வரும். இதில் இரண்டு இடத்தில் தடுக்கி விழுவார்கள். ‘புக்கிட்’ என்று தொடங்கும் தொகுதிகள் ஏராளம். நம் பினாங்கிலேயே புக்கிட் பெண்டேரா, புக்கிட் குளுகோர், புக்கிட் மெர்தாஜாம் என்று மூன்று. அடுத்து, தொகுதி அதுவே இருக்கும், ஆள் மாறியிருப்பார். 2015-இல் பேசியவரின் பேச்சை 2023-இல் வந்தவர் தலையில் கட்டிவிடாதே.

முன்பக்கங்களில் வருகைப் பட்டியல் இருக்கும். வந்தார் என்றால் அன்று எப்போதோ வந்தார் என்றுதான் அர்த்தம், வாக்கெடுப்பு நேரத்தில் இருந்தார் என்று இல்லை. சபை நடக்க 26 பேர் போதும் என்பதால், பட்டியலில் 200 பெயர் இருக்கும் நாளிலும் மத்தியான விவாதம் காலி நாற்காலிகளோடு நடக்கலாம். சபை நடைமுறை விதிகளில் 91-ஆவதன்கீழ் வராதவர்கள் என்று தனிப் பட்டியல் வந்தால், அவர்கள் அனுமதியோடு போனவர்கள். வராதவர்கள் என்று அவர்களையும் சேர்த்துத் திட்டாதே.

நீ அனுப்பிய வீடியோவுக்கு வருகிறேன். சபைக்குள் எடுத்ததுதான், ஆனால் தேதி இல்லை. தேதியைக் கண்டுபிடித்துவிட்டால் மீதி எளிது: ஹன்சார்டில் இடையிடையே மணி குறித்திருப்பார்கள், அந்த இடத்துக்குப் போய் முன்னால் இரண்டு பக்கம், பின்னால் இரண்டு பக்கம் படி. மேசையைத் தட்டுவதற்கு முன்னால் யார் என்ன கேட்டார் என்பது வெட்டப்பட்டிருக்கும். கடைசி வரிக்கும் போ. பதினைந்து நிமிடம் மசோதாவைக் கிழி கிழியென்று கிழித்துவிட்டு, ‘சாயா மொஹோன் மெஞோக்கோங்’, ஆதரிக்கிறேன் என்று முடிப்பவர்கள் உண்டு. கிழித்த பகுதி மட்டும்தான் வாட்ஸ்அப்பில் சுற்றும்.

உள்ளே பேசுவதற்கும் வெளியே பேசுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 63-ஆவது விதி சபைக்குள் பேசுவதற்குப் பாதுகாப்பு கொடுக்கிறது. தேச நிந்தனை போன்ற சில விஷயங்கள் தவிர, வழக்கு போட முடியாது. அதனால்தான் ‘வெளியே வந்து சொல்’ என்று ஒருவரையொருவர் சீண்டுகிறார்கள். ஆனால் உள்ளே பொய் சொன்னால் சபையைத் தவறாக வழிநடத்தியதாக உரிமைக் குழுவுக்கு அனுப்பலாம். ஃபேஸ்புக்கில் தவறான எண்ணைச் சொன்னால் அந்தக் குழு கேட்காது. ஒரே ஒய்பி உள்ளே ஓர் எண்ணும் வெளியே ஓர் எண்ணும் சொன்னால், நான் உள்ளே சொன்னதைத்தான் நம்புவேன்.

அமைச்சரையும் துணையமைச்சரையும், அரசாங்கப் பதவி இல்லாத பின்வரிசை உறுப்பினரையும் ஒரே தராசில் வைக்காதே. அமைச்சரவை கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 43-ஆவது விதி. அமைச்சர் அரசாங்க மசோதாவை ஆதரித்தார் என்பது செய்தியே இல்லை. பின்வரிசைக்காரர் மாறி வாக்களித்தால் அதுதான் செய்தி. கட்சித் தாவல் தடைச் சட்டம் (2022 ஜூலை 28, 209 வாக்கு, எதிர்ப்பு இல்லை) வந்தபின் கட்சிக்கு எதிராக வாக்களித்தாலே தொகுதி போய்விடும் என்று மாமாக் கடையில் சொல்கிறார்கள். சட்டத்தில் அப்படி இல்லை. கட்சியிலிருந்து விலகுவதும், வேறு வகையில் கட்சி உறுப்பினராக இல்லாமல் போவதும், சுயேச்சையாக வென்றவர் ஒரு கட்சியில் சேர்வதும்தான் தொகுதியைப் பறிக்கும். கட்சி நீக்கினால்கூடப் பறிபோகாது.

சிகரெட் மசோதாவையும் பார்த்துவை. 2007 ஜனவரி 1 முதல் பிறந்தவர்களுக்கு விற்கக் கூடாது என்ற தலைமுறைத் தடை 2022-இல் மக்களவைக்கு வந்தது, சிறப்புக் குழுவுக்குப் போனது, மறுபடி வந்தது, கடைசியில் அந்தப் பிரிவை எடுத்துவிட்டு 2023 நவம்பர் 30-ஆம் தேதி மற்றதை நிறைவேற்றினார்கள். தலைமுறைத் தடையை யார் எதிர்த்தார் என்று வாக்கில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. குழு அறிக்கையிலும் கேள்வி பதில்களிலும் தேடு. எழுத்துப்பூர்வப் பதில்கள் தனியாக இருக்கின்றன. ஒரு உறுப்பினர் ஐந்து வருடமாக எதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டார் என்று பார்த்தால், அவருக்கு எதில் அக்கறை என்று எந்தப் பேட்டியையும்விட நன்றாகத் தெரியும். தமிழ்ப்பள்ளி என்று மேடையில் பேசுபவர் அதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

இன்னொன்று. கால்வாய், நிலம், குப்பை இதற்கெல்லாம் நாடாளுமன்ற ஒய்பியைப் பிடிக்காதே. அது மாநிலமும் நகராண்மையும். பினாங்கு சட்டமன்றத்தில் 40 பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தனி ஹன்சார்ட்.

ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொள்: தேதி, மசோதா எண், எந்த வாசிப்பு, குரலா எண்ணிக்கையா, அவர் பேசினாரா, முடிவில் ஆதரித்தாரா, வாக்கு, வெளியே என்ன சொன்னார். குரல் வாக்கு என்றால் வாக்குக் கட்டத்தில் ஒரு சிறு கோடு மட்டும் இழு, ஊகித்து நிரப்பாதே. முதலில் பொய்ச் செய்தித் தடைச் சட்டத்தில் பழகு, எல்லா வகையும் அதில் இருக்கிறது: 2018 ஏப்ரலில் 123-க்கு 64 என்று வந்தது, ஆட்சி மாறி ஆகஸ்டில் குரல் வாக்கில் நீக்கினார்கள், செப்டம்பரில் மேலவை 28-க்கு 21 என்று தடுத்தது, 2019 அக்டோபரில் மக்களவை 92-க்கு 51 என்று மறுபடி நீக்கியது, டிசம்பரில்தான் மேலவை ஒத்துக்கொண்டது. இதில் மக்களவையின் மூன்று தேதிக்கும் அந்த வீடியோக்காரரின் கட்டங்களை நிரப்பி, படம் பிடித்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கிறேன்.

அம்மா ரசப்பொடி அரைத்து வைத்திருக்கிறாள். அடுத்த தடவை வரும்போது எடுத்துப் போ.

அன்புடன்,
அப்பா
பினாங்கு