திடலில் நாற்காலி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குளக்கரைகளையும் திடல்களையும் அழகுபடுத்துவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மரம், விளக்கு, நடைபாதை எல்லாம் விரிவாக இருந்தன. உட்காருவதைப் பற்றி மட்டும் ஒரே வரி: கிரானைட் இருக்கைகள் அமைக்கப்படும் என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மாலையில் போய் உட்காரும் திடலிலும் அத்தகைய இருக்கைகள்தான். கோடையில் மாலை ஆறு மணிக்கும் கல் சுடுகிறது. துண்டை மடித்துப் போட்டுத்தான் உட்கார வேண்டும். நிழல் தரும் வேப்பமரத்தடியில் இருக்கை ஒன்றுகூட இல்லை. சென்ற சித்திரையில் முழங்கால் வலியுள்ள ஒரு பாட்டியை அவர் மகள் அழைத்து வந்திருந்தார். பாட்டி கல்லில் கையை வைத்துப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். வேர்க்கடலை வண்டிக்காரர் பொறுக்காமல் தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து கொடுத்தார். பாட்டி அதை மரத்தடிக்கு இழுத்துப்போகச் சொன்னார். உட்காரும் முன் கோபுரம் தெரியும்படி சற்றே திருப்பிக்கொண்டார். பிறகு இரண்டு முறை நிழல் நகர்ந்தது. நாற்காலியும் கூடவே நகர்ந்தது. இருட்டும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

நியூயார்க் நகரத் திடல்களை 1970களில் படம்பிடித்து ஆராய்ந்த வில்லியம் ஒயிட் என்பவர் இதையேதான் கண்டார். கையால் நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால் மனிதர்கள் உட்காரும் முன் அதை ஓரிரு அங்குலமாவது நகர்த்துகிறார்கள். கடைசியில் அது பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தாலும் சரி. போதைப்பொருள் விற்பவர்களுக்கு அஞ்சி மக்கள் ஒதுங்கிப்போன பிரையண்ட் பூங்காவை அந்நகரம் 1992இல் மீண்டும் திறந்தபோது, அவர் யோசனைப்படி சங்கிலி போடாத நாற்காலிகளையே வைத்தார்கள். கூட்டம் திரும்பி வந்தது.

அந்த ஊரைவிட நம் ஊருக்குத்தான் இது அதிகம் தேவை என்பேன். கும்பகோணத்தில் ஒரே இடம் இன்று வெறும் திடல், நாளை சுவாமி புறப்பாட்டு வழி. 2016 மகாமகத்தின்போது வந்த கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு ஒவ்வோர் அடி இடமும் எவ்வளவு முக்கியம் என்று தெரியும். அடுத்த மகாமகம் 2028இல் வருகிறது. அதற்குள் திறந்தவெளிகளை எல்லாம் கல் இருக்கைகளால் நிரப்பினால், நெரிசலில் மக்கள் முட்டி விழும்படி நாமே தடை கட்டி வைத்ததாக ஆகும். நாற்காலியை விழாவுக்கு முதல் நாளே அடுக்கி எடுத்துவிடலாம்.

திருடு போகாதா என்பார்கள். ஒன்றிரண்டு போகலாம். ஆனால் கல் இருக்கை ஒன்றுக்கு ஆகும் செலவில் எத்தனை நாற்காலி வாங்கலாம் என்று நம் ஊர்ப் பந்தல்காரர் எவரையும் கேளுங்கள். கல்யாணத்துக்குக் கல்யாணம் நூற்றுக்கணக்கில் போட்டு, எண்ணித் திரும்ப எடுத்துப்போகிறவர்கள் அவர்கள். மாலை நான்கு மணிக்குப் போட்டு ஒன்பது மணிக்கு அடுக்கி வைக்கும் வேலையை ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவிடம் உரிய கூலியோடு கொடுக்கலாம். ஆடிக் காற்றில் பிளாஸ்டிக் நாற்காலி பறக்கும் என்பது உண்மை. சட்டத்தை இரும்பில் செய்து, சீர்காழிப் பக்கம் தைக்காலில் பிரம்பு பின்னுகிறவர்களிடம் இருக்கையைப் பின்னி வாங்கினால் சூடும் ஏறாது, அவர்களுக்கும் வேலை கிடைக்கும். இரவில் உள்ளே வைப்பதால் மழையில் நனைந்து கெடவும் வழியில்லை.

பெரிய திட்டம் எதுவும் கேட்கவில்லை. ஒரே ஒரு திடல், ஐம்பது நாற்காலிகள், மூன்று மாதம். பொங்கல் விடுமுறையில் வெளியூரிலிருந்து பிள்ளைகள் வரும்போது தொடங்கினால் நன்றாக இருக்கும். முதல் வாரம் மாலையில் நாற்காலிகளை எண்ணி அடுக்க நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கும்பகோணம்.