டெவலப்பருக்கு வன்னி வெயிலில் வேறு கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் பழைய பிலிம் கமராக்கள் மறுபடி வெளியே வருகின்றன. கறுப்பு-வெள்ளைப் பிலிமை வீட்டிலேயே கழுவிப் பார்க்க இளையவர்கள் சிலர் ஆசைப்படுகிறார்கள். இன்னொரு பக்கம், இடப்பெயர்வுகளுக்குள்ளும் கைவிடாமல் கொண்டுவந்து, இன்றுவரை கழுவாமல் றங்குப் பெட்டியில் வைத்திருக்கும் சுருள்கள் பல வீடுகளில் உண்டு. படம் பிடித்தவரும் படத்தில் இருப்பவரும் இன்று இல்லாத சுருளைக் கெட்ட மருந்தில் போட்டால், திருப்பி எடுக்க வழியே கிடையாது. பிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் இந்த மருந்தின் பெயர் டெவலப்பர். ஒரு லீற்றர் டெவலப்பரின் விலையை அந்தச் சுருளோடு ஒப்பிடவே முடியாது. இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியது அதுதான்.

கொடாக் நிறுவனம் தன் டி-76 டெவலப்பருக்குச் சொல்லும் ஆயுள்: கரைத்து, நிரம்பிய போத்தலில் இறுக்கி மூடினால் 6 மாதம், போத்தல் பாதியாகிவிட்டால் 2 மாதம். இது மிதமான அறை வெப்பத்துக்கான கணக்கு. வெப்பம் 10 பாகை ஏறினால் இரசாயனத் தாக்கத்தின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். தகரக் கூரைக்குக் கீழே சித்திரை, வைகாசி வெக்கையில் நிற்கும் போத்தலுக்கு 6 மாதத்தை 3 மாதமாக எடுத்துக்கொள்ளுங்கள். பாதிப் போத்தலை ஒரு மாதத்துக்கு மேல் நம்பாதீர்கள்.

போத்தலுக்குள் நிற்கும் காற்றுதான் முதல் எதிரி. டெவலப்பரில் படத்தை வெளிக்கொண்டுவரும் மெற்றோலும் ஹைட்ரோகுயினோனும் ஒட்சிசனோடு சேர்ந்தால் வலுவிழக்கும். கரைசலில் இருக்கும் சோடியம் சல்பைற்று அந்த ஒட்சிசனைத் தான் வாங்கிக்கொண்டு அவற்றைக் காக்கிறது. சல்பைற்று தீர்ந்துவிட்டால் காவல் போய்விடும். ஆகவே ஒரு லீற்றர் கரைத்தவுடன் நான்கு 250 மில்லிலீற்றர் கண்ணாடிப் போத்தல்களில் கழுத்துவரை நிரப்பிவிடுங்கள். ஒரு தடவைக்கு ஒரு போத்தலைத் திறந்தால் மற்ற மூன்றையும் காற்றுத் தொடாது. மீதம் வந்தால் சுத்தமான கண்ணாடிப் போளைகளைப் போட்டு மட்டத்தை உயர்த்தலாம். கண்ணாடி கிடைக்காவிட்டால் சோடா வரும் தெளிந்த பிளாஸ்ரிக் போத்தல் பரவாயில்லை. நெரித்துக் காற்றை வெளியேற்றி மூடலாம். பால்நிறத்தில் மெத்தென்று இருக்கும் பிளாஸ்ரிக் கலன்கள் காற்றை மெல்ல மெல்ல உள்ளே விடும், அவை வேண்டாம். சோடாப் போத்தலைப் பாவிக்கிறவர்கள் பழைய லேபலை முழுதாக உரித்து, ‘நஞ்சு’ என்று பெரிதாக எழுதி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இதில் கவலையீனம் கூடவே கூடாது.

குளிர்சாதனப் பெட்டியில் வைக்கச் சிலர் சொல்வார்கள். சாப்பாடு இருக்கும் பெட்டியில் இந்த மருந்துக்கு இடமில்லை. அதோடு, குளிரில் உப்புகள் அடியில் படிகமாக இறங்கிவிடும். அதைக் கவனிக்காமல் மேல் தண்ணீரை மட்டும் ஊற்றினால் படம் பழுதாகும். வீட்டின் வெயில் படாத மூலையில், சீமெந்து நிலத்தில், ஈரமணல் பரப்பிய தட்டில் வைத்தால் போதும்.

அடுத்தது தண்ணீர். நம் கிணறுகள் பலவற்றில் சுண்ணாம்பு அதிகம், குழாய்க்கிணறுகள் சிலவற்றில் இரும்பும் வரும். சுண்ணாம்பு சல்பைற்றோடு சேர்ந்து வெண்மண்டியாக இறங்கி நெகட்டிவில் புள்ளிபுள்ளியாக ஒட்டும். இரும்பும் செம்பும் ஒட்சியேற்றத்தைத் தூண்டிவிடும். இது எக்ஸ்டோல் போன்ற அஸ்கோபிக் அமில டெவலப்பர்களுக்கு மிகவும் ஆபத்து: தண்ணீர் போலத் தெளிவாகவே இருக்கும், ஆனால் உள்ளே செத்துப்போயிருக்கும். கொதிக்கவைத்தால் சுண்ணாம்பில் ஒரு பகுதிதான் இறங்கும். சுத்திகரிப்பு நிலையங்களில் விற்கும் ஆர்ஓ தண்ணீர் இதற்கு நல்லது. அதையும் கொதிக்கவைத்து, மூடியபடி ஆறவிட்டால் கரைந்திருக்கும் காற்றும் போய்விடும்.

தூளை வாங்கித் தாங்களே கலக்கிறவர்களுக்கு டி-76 இன் அளவு: மெற்றோல் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்பைற்று 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம், மொத்தம் 1 லீற்றர். 50 பாகைச் சூட்டில் 750 மில்லிலீற்றர் தண்ணீர் எடுத்து, முதலில் ஒரு சிட்டிகை சல்பைற்று, பிறகு மெற்றோல். மெற்றோல் முழுதாகக் கரைந்த பின்னரே மீதிச் சல்பைற்று. மாற்றிப் போட்டால் மெற்றோல் கரைய மறுக்கும். பிறகு ஹைட்ரோகுயினோன், போராக்ஸ், மீதித் தண்ணீர். மெதுவாகக் கிண்டுங்கள், நுரை வர அடிக்க வேண்டாம். ஒரு இரவு ஆறவிட்டுப் பாவியுங்கள். மெற்றோல் தோலில் அரிப்பைத் தரக்கூடியது, கையுறை அவசியம். கம்பனிப் பைக்கற்றாக வாங்கினால் பாதியைக் கரைத்துப் பாதியை வைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் தூள்கள் ஒரே சீராகக் கலந்திருப்பதில்லை.

தூளும் கெடும். மெற்றோல் மண்ணிறமானால் வீசுங்கள். சல்பைற்றுதான் ஏமாற்றுவது: காற்றுப்பட்டுச் சல்பேற்றாக மாறினாலும் அதே வெள்ளை நிறம். ஒரு கரண்டி நுனியளவு எடுத்து இரண்டு துளி வினாகிரி விட்டுப் பாருங்கள். தீக்குச்சி உரசியதுபோல் மூக்கில் குத்தினால் சல்பைற்று உயிரோடு இருக்கிறது (முகத்தைக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம்). அந்தக் குத்தல் இல்லையென்றால் அதைக் கொண்டு டெவலப்பர் கலப்பது வீண். மூட்டையாக எடுத்துச் சிறு பொலித்தீன் பைகளில் பிரித்து விற்கும் வணிகர்களிடம் ஒரு வேண்டுகோள்: பிரித்த திகதியைப் பையில் எழுதிக் கொடுங்கள். வாங்குகிறவர்களும் திகதி இல்லாத பையை மறுக்க வேண்டும்.

நிறத்தைப் பார்த்து டெவலப்பரை எடைபோடுவது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. டி-76 தேநீர் நிறமானால் வெளியே ஊற்றிவிடலாம். ரோடினால் என்ற டெவலப்பரோ கறுத்த பின்னும் ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும். எக்ஸ்டோலைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். நம்பக்கூடியது பிலிம் முனைச் சோதனைதான். மருந்து புதிதாக இருக்கும்போதே, சுருளின் தொடக்கத்தில் வெளிச்சம் பட்ட துண்டு ஒன்றை வழக்கமான நேரத்துக்கு, வழக்கமான வெப்பத்தில் கழுவி, பிக்சரில் (வந்த படத்தை நிலைக்கவைக்கும் மருந்தில்) போட்டு, உலர்த்திக் கொப்பியில் ஒட்டி வையுங்கள். பிறகு ஒவ்வொரு சுருளுக்கும் முன்னால் அதே பிலிமில் இன்னொரு துண்டை அதேபோல் கழுவிப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒப்பிட முன்துண்டு இல்லையா? இந்தப் பத்திரிகையின் மேலேயே துண்டை வையுங்கள். நல்ல வெளிச்சத்தில் கீழே உள்ள எழுத்து மங்கலாகத்தான் தெரிய வேண்டும். சுலபமாக வாசிக்க முடிந்தால் மருந்து தளர்ந்துவிட்டது.

இந்தச் சோதனையில் அகப்படாத குறை ஒன்று உண்டு. நன்றாக மூடிய டி-76 மாதக்கணக்கில் நின்றால் அதன் காரத்தன்மை மெல்ல ஏறும். அப்போது மருந்து தளராமல், மாறாகக் கடுமையாகி, படத்தில் வெள்ளையும் கறுப்பும் அளவுக்கு மிஞ்சி விலகும். போராக்ஸ் 8 கிராமும் போரிக் அமிலம் 8 கிராமும் போடும் டி-76டி வகை இதைத் தடுக்கவே வந்தது. நீண்டநாள் வைக்க எண்ணுகிறவர்கள் அதைக் கலக்கலாம்.

ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் சேர்த்த டெவலப்பர் ஒரு தடவைக்கு மட்டும். அதைத் திரும்பப் போத்தலில் ஊற்றிச் சேமிக்க நினைப்பது சிக்கனமல்ல.

பிக்சர் கெடுவது வேறு விதம். பிக்சரின் முக்கிய உப்பான ஹைப்போ, அமிலம் கலந்திருந்தால் வெப்பத்தில் கந்தகத்தைக் கக்கும்; கரைசல் பால்போல் மஞ்சளாகக் கலங்கி நாறும். கலக்கும்போது சல்பைற்றைப் போடுமுன் அமிலத்தை ஊற்றினாலும் இதுவேதான். கலங்கியதை வடிகட்டிப் பாவிக்க வேண்டாம். தெளிவாக இருக்கும் பிக்சருக்கு, கழுவாத பிலிம் துண்டு ஒன்றைப் போட்டு அது கண்ணாடிபோல் தெளிய எடுக்கும் நேரத்தைப் பாருங்கள். புதிய பிக்சரில் எடுத்த நேரத்தின் இருமடங்கானால் அதன் காலம் முடிந்தது. பிலிமை எப்போதும் தெளியும் நேரத்தின் இருமடங்கு விட வேண்டும். குறைத்தால் இன்று நன்றாகத் தெரியும் நெகட்டிவ் சில ஆண்டுகளில் மண்ணிறமாகும். டெவலப்பருக்கும் பிக்சருக்கும் இடையில் போடும் அசற்றிக் அமிலக் குளியலைத் தவிர்க்காதீர்கள், டெவலப்பரின் காரம் பிக்சருக்குள் போகாமல் அதன் ஆயுளைக் காப்பது அதுதான்.

பழைய சுருள்களுக்குத் திரும்பினால், அவற்றில் பல கலர்ப் பிலிமாகவே இருக்கும். கலர் மருந்து கிடைக்காவிட்டாலும் அவற்றைக் கறுப்பு-வெள்ளை டெவலப்பரில் கழுவலாம். செம்மஞ்சள் படலத்துக்குள் கறுப்பு-வெள்ளைப் படம் வரும். நாள்பட்ட பிலிமில் மூடுபனிபோல் ஒரு கறுப்பு ஏறியிருக்கும். அதற்குமேல் பழைய மருந்தின் தளர்ச்சியும் சேர்ந்தால் முகம் தெரியாது. முதல்நாள் கலந்த மருந்து, ஐஸ் போட்ட பேசினுக்குள் 20 பாகைக்கு இறக்கியது: இந்த இரண்டும் இல்லாமல் அந்தச் சுருளைத் திறக்க வேண்டாம்.

தீர்ந்த பிக்சரில் வெள்ளி இருக்கிறது. அதைக் கிணற்றடியிலோ தோட்டத்து வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். பிளாஸ்ரிக் வாளியில் விட்டு, சவர்க்காரம் இல்லாத ஸ்ரீல் வூல் ஒரு பிடி போட்டு இரண்டு நாள் வையுங்கள். வெள்ளியில் பெரும்பகுதி கறுத்த சேறாக இறங்கும். சேற்றைப் போத்தலில் சேர்த்து வைத்துக்கொண்டு, தெளிந்ததை நிறையத் தண்ணீரோடு கிணற்றுக்கும் பயிருக்கும் தூரமான வறண்ட நிலத்தில் ஊற்றலாம்.

இருட்டறை வேலை அறிந்த வாசகர்,
மாங்குளம்.