செல்வத்துக்கு, ஈசூனிலிருந்து

ஈசூன், சிங்கப்பூர்
7 நவம்பர் 2021

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் தீபாவளிக்கு மறுநாள் கிடைத்தது. ஈப்போவிலிருந்து ஈசூனுக்குப் பன்னிரண்டு நாள். முன்பெல்லாம் நீ இரவு பஸ் ஏறினால் விடிவதற்குள் என் வீட்டுக் கதவைத் தட்டிவிடுவாய். 2020 மார்ச் 18-ஆம் தேதி கொரோனாவால் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவிலுள்ள கடற்பாலத்தை அடைத்தார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அது இன்னும் அடைத்தபடியேதான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் எழுதலாமே என்று மகள் கேட்கிறாள். அதில் நீ மூன்று வரியில் சண்டைக்கு வந்துவிடுகிறாய். காகிதத்தில் எழுதும்போது நிதானமாகத்தான் சண்டை போடுகிறாய்.

இங்கே பண்டிகை ஏதோ நடந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு நாளில் இரண்டு விருந்தினருக்கு மேல் வரக்கூடாது. அதனால் தீபாவளியன்று மகளும் மருமகனும், மறுநாள் மகனும் மருமகளும், கோயில் உபயதாரர்கள் மாதிரி முறைவைத்து வந்து போனார்கள். உன் தங்கை வழக்கம்போல் இருபது பேருக்கு முறுக்குச் சுட்டாள். மிச்சமெல்லாம் என் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆறு பக்கக் கடிதத்தில் நாலு பக்கம், கேளிக்கைப் பூங்காவில் நான் பார்க்கும் பிழைப்பைத் திட்டியிருக்கிறாய். 'நாளுக்கு ஐயாயிரம் பேருக்குத் தொற்று வரும் ஊரில் ராட்டினம் எதற்கு? ஊஞ்சல் ஆடாமல் யாராவது செத்தார்களா? கேளிக்கைப் பூங்காக்களை இழுத்துப் பூட்டுங்கள், ஊசி போடாதவனை வீட்டுக்குள் வையுங்கள், இரண்டே மாதத்தில் எல்லாம் சரியாகிவிடும்.' உன் கணக்கில் தவறில்லை. அக்டோபர் 27-ஆம் தேதி இங்கே 5,324 பேர். அந்த எண்ணைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது நானும் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே இருந்தேன். உன் தீர்ப்பைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஒரே நிறுவனம், ஒரே நாடு, இரண்டு மாநிலங்கள். அதை எடுத்துக்கொள். கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டை 2020 மார்ச் 14-இல் மூடினார்கள். திரும்பத் திறந்தது 2021 ஏப்ரல் 30-இல். ஃபுளோரிடாவிலோ, தொற்று உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த 2020 ஜூலை 11-ஆம் தேதியே டிஸ்னி வேர்ல்டைத் திறந்துவிட்டார்கள். மறுநாள் அந்த மாநிலத்தில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று என்று அறிவிப்பு. அப்போது ஊசியே கிடையாது. அந்தத் திறப்பு எனக்குத் துணிச்சலாகப் படவில்லை, அடாவடியாகத்தான் பட்டது. அதே நேரம், கலிபோர்னியாவில் பூட்டிக்கிடந்த பூங்காவின் கார் நிறுத்துமிடத்தில் 2021 ஜனவரியில் தடுப்பூசி மையம் திறந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? உள்ளே ராட்டினம் நின்றுகிடக்க, வெளியே ஊசிக்கு வரிசை. எந்த வரிசை முதலில் வர வேண்டும் என்பதை அந்த ஊர் சரியாகவே புரிந்துகொண்டது. நீ சொல்வதில் பாதியை நான் ஏற்பது இந்த இடத்தில்தான். ஊசி இல்லாத காலத்தில் மூடியது சரி.

ஆனால் ஊசி வந்த பிறகும் மூடிக்கொண்டே இரு என்றால், எதுவரை? ஹாங்காங் டிஸ்னிலேண்ட் இதுவரை மூன்று முறை மூடி மூன்று முறை திறந்திருக்கிறது. ஷாங்காயைப் பார். சென்ற ஞாயிற்றுக்கிழமை, அக்டோபர் 31. வந்து போன ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்ததும் பூங்காவின் கதவை அடைத்து, உள்ளே இருந்த முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்த பிறகுதான் வெளியே விட்டார்கள். இரவு வானத்தில் வாணவேடிக்கை, கீழே வெள்ளை உடுப்புக்காரர்கள் மூக்கில் குச்சி விடுகிறார்கள். அந்தப் படத்தை என் கைப்பேசியில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கையில் பலூனோடு ஒரு குழந்தை அந்த வரிசையில் நின்றால் அதற்கு என்ன விளக்கம் சொல்வது?

எங்கள் இடம் மூடிக்கிடந்தது உனக்குத் தெரியும். 2020 ஏப்ரல் தொடக்கத்திலிருந்து ஜூன் முடியும் வரை. நாங்கள் பட்டினி கிடக்கவில்லை. அரசாங்கம் வேலை ஆதரவுத் திட்டத்தில் எங்கள் சம்பளத்தில் முக்கால் பங்கை முதலாளிக்குக் கொடுத்தது. உன் மகனுக்கு அங்கே அப்படி ஒரு கை கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். ஹோட்டல் வேலை போனதை நீ இரண்டே வரியில் முடித்துவிட்டாய். பூங்காவைப் பூட்டச் சொல்லி எழுதிய அதே கடிதத்தில்தான் அந்த இரண்டு வரியும் இருந்தன, கவனித்தாயா?

மூடிய பூங்காவும் சும்மா கிடப்பதில்லை. பராமரிப்புக்காரர்கள் காலையில் வந்து வெறும் பெட்டிகளைத் தண்டவாளத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். கத்துவதற்கு ஆள் இல்லாமல் அந்தப் பெட்டி சறுக்கி இறங்கும் ஓசை இருக்கிறதே, தகரத்தை மலையிலிருந்து உருட்டிவிட்டது போல. எங்களோடு வேலை செய்யும் ஜொகூர்ப் பையன்கள் மூன்று பேர் பாலம் அடைத்த நாளிலிருந்து ஒரே அறையில் இருக்கிறார்கள். ஒருவனுடைய குழந்தை நடக்கத் தொடங்கியதை அவன் திரையில்தான் பார்த்தான்.

திறந்தபோதும் ஊர் வரவில்லை. 2019-இல் இந்த நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 1 கோடியே 91 லட்சம் பேர். 2020-இல் வெறும் 27 லட்சம், அதிலும் பெரும்பகுதி பாலம் அடைப்பதற்கு முன்பு வந்தது. எங்களைக் காப்பாற்றியது உள்ளூர் ஆட்கள்தான். அரசாங்கம் 18 வயதுக்கு மேற்பட்ட குடிமக்களுக்குத் தலைக்கு 100 வெள்ளி (டாலர்) சுற்றுலாப் பற்றுச்சீட்டு கொடுத்ததும், தோ பாயோ குடியிருப்புப் பாட்டிகளெல்லாம் எங்கள் பூங்கா இருக்கும் செந்தோசாவுக்கு வந்தார்கள். கூட்டம் வந்தால் நோயும் வருமே என்பாய். ஜூலையில் இங்கே தொற்றைக் கிளப்பியவை கேடிவி எனப்படும் கரவோக்கே பாட்டுக் கூடங்களும் ஜூரோங் மீன்பிடித் துறைமுகமும். மூடிய அறையில் முகக்கவசம் இல்லாமல் பாடியவர்களையும், விடியற்காலையில் தோளோடு தோள் இடித்து மீன் இறக்கியவர்களையும், காற்றோட்டமான இடத்தில் ஒரு மீட்டர் தள்ளி நின்றவர்களோடு ஒரே தட்டில் வைக்காதே. உள்ளரங்கு நிகழ்ச்சிகள் வேறு கதை. மழை பெய்தால் எல்லாரும் ஒரே கூரைக்கு அடியில் ஒண்டுவதும் வேறு கதை. அதை நான் மறைக்கப்போவதில்லை. மழை நாளில் எனக்கே உள்ளூரப் பயம்தான்.

இனி நான் சொல்ல வந்தது. மூடுவது சுலபம் செல்வம், அதற்கு ஒரு பூட்டுப் போதும். திறந்துவைத்துவிட்டு வாசலில் நின்று ஒருவரைப் பார்த்து 'நீங்கள் வரக்கூடாது' என்று சொல்லும் வேலை இருக்கிறதே, அதை அக்டோபர் 13 முதல் நான் செய்துகொண்டிருக்கிறேன். ஊசி போட்டவர், நோயிலிருந்து தேறியவர், 24 மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனைச் சான்று உள்ளவர், 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள். இவ்வளவு பேர்தான் உள்ளே போகலாம். இந்த விதி எனக்குச் சம்மதம். ஊசி போடாத முதியவர்கள் மக்கள்தொகையில் இரண்டு விழுக்காடுகூட இல்லை, ஆனால் தீவிர சிகிச்சைக்குப் போனவர்களிலும் இறந்தவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கு அவர்கள்தான் என்று சென்ற மாதம் பிரதமர் லீ சியன் லூங் சொன்னார். அதைக் கேட்ட பிறகும் எல்லாரையும் உள்ளே விடு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனாலும் கேள். இரண்டு வாரத்துக்கு முன்பு ஒரு சீனக் குடும்பம் வந்தது. பேரப்பிள்ளைகள் இருவர், அப்பா, அம்மா, பாட்டி. ஊசி போட்டாரா என்று காட்டும் டோக்கனைப் பாட்டி வைத்ததும் திரை அவரை ஏற்கவில்லை. ஊசி போடவில்லை. மகனுக்கு அது தெரிந்திருக்கவில்லை. அம்மா போட்டுக்கொண்டதாகவே நினைத்திருக்கிறான். எல்லாரும் திரும்பிவிடலாம் என்றான், சின்னவள் அழத் தொடங்கினாள். பாட்டி கையை ஆட்டி, போங்கள் போங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். மடியில் ஐந்து பேருக்குமான தண்ணீர் பாட்டில்கள். ஒரு மணி நேரம் கழித்து மெதுவாக என்னிடம் வந்து, உள்ளே இருக்கும் கழிவறைக்காவது போகலாமா என்று மலாயில் கேட்டார். பஸ் நிலையத்துக் கழிவறையைக் காட்டினேன். என் வயது இருக்கும் அவருக்கு. விதிப்படி நான் செய்தது சரி. அன்று இரவு உன் தங்கையிடம்கூட இதைச் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் உண்டு. என் அக்காவும் ஊசி போடவில்லை.

உனக்கு இதுவரை இதை எழுதாமல் ஒளித்தேன். 'ஊசி போடாதவன் சமூகத் துரோகி' என்று நீ எழுதிய வரியைப் படித்த பிறகு இனி ஒளிப்பதில் அர்த்தமில்லை. எழுபத்தொரு வயது. பென்சிலின் ஊசியில் முகம் வீங்கி மூச்சடைத்து மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோமே, அந்த அக்காதான். இந்த ஆண்டு தொடக்கத்தில் நானே அவளைத் தடுப்பூசி மையத்துக்கு அழைத்துப் போனேன். அப்படி ஒவ்வாமை வந்தவர்களுக்கு இது வேண்டாம் என்று அப்போதைய விதிப்படி திருப்பி அனுப்பினார்கள். பிறகு விதி தளர்ந்தது. சென்ற மாதம் சினோவேக் என்ற இன்னொரு தடுப்பூசியையும் தேசியத் திட்டத்தில் சேர்த்து, மூன்று முறை போட்டால் முழுமை என்று அறிவித்திருக்கிறார்கள். ஆனால் அக்காவின் மனத்தில் முதலில் விழுந்த 'வேண்டாம்' அப்படியே உறைந்துவிட்டது. 'டாக்டரே வேண்டாம் என்றாரே, இப்போது மட்டும் என் உடம்பு மாறிவிட்டதா?' என்கிறாள். இதற்கு என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. பதிலை நான் உரக்கச் சொல்லிவிடுகிறேன், அதுதான் வினை. இப்போது அவள் புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடையில் உட்கார முடியாது. கடைத்தொகுதிக்குள் நுழைய முடியாது. நாற்பது வருடமாகக் குடிக்கும் காப்பியைப் பையில் கட்டி வாங்கிக்கொண்டு மாடிப்படியில் நின்று குடிக்கிறாள். இவளையா துரோகி என்கிறாய்?

1958-இல் இளம்பிள்ளைவாதம் பரவியபோது சிங்கப்பூரில் ஏறத்தாழ இரண்டு லட்சம் பிள்ளைகளுக்குச் சேபின் தடுப்பு மருந்து கொடுத்தார்கள். எனக்கும் உனக்கும் இரண்டு வயது, அக்காவுக்கு எட்டு. என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றது அக்காதான் என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பையனின் காலில் இரும்புச் சட்டம் ஏறியதைக் கண்ணால் பார்த்தவள் அவள். பிறகு நாம் வளர்ந்ததும் நம் இருவரையும் நியூ வேர்ல்டு கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப்போய்ப் பேய் ரயிலில் ஏற்றிவிட்டு, தனக்கு டிக்கெட் வாங்கக் காசில்லாமல் வெளியே நின்றதும் அவளேதான். அந்தப் பழைய நுழைவாயில் கிச்சனர் சாலைப் பக்கம் இன்னும் நிற்கிறது. போன வாரம் தேக்காவுக்குப் போனபோது பார்த்தேன்.

எனக்காக ஒன்று செய். அக்காவுக்கு ஒரு போன் போடு. நான் சொன்னால் தம்பி அதிகாரம் பண்ணுகிறான் என்பாள். உன்னிடம் அவளுக்கு எப்போதும் ஒரு சலுகை உண்டு, அவள் கையால் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறாய். எடுத்தவுடன் ஊசியைப் பற்றிப் பேசாதே. முழங்கால் வலியைக் கேள், உன் பேத்தியைப் பற்றிச் சொல். நீ ஊசி போட்ட அன்று இரவு காய்ச்சலில் உளறியதாக எழுதியிருந்தாயே, அதையும் சிரிக்கச் சிரிக்கச் சொல். அவள் தானாகக் கேட்டால் மட்டும் சினோவேக் பற்றிச் சொல். சரி என்றாளானால் அன்றைக்கு விடுப்புப் போட்டு நானே கூட்டிப்போகிறேன்.

ஏழிலிருந்து எட்டரை வரை நாடகம் ஓடும், அப்போது எடுக்கமாட்டாள். அதற்குப் பிறகு கூப்பிடு.

அன்புடன்,
மணி